குதிரை நீங்கலாக

ராவ் பகதூரின் பட்டு அங்கவஸ்திரத்தில் மூக்குப்பொடி கொட்டியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு ஒரு கல்யாணத்துக்காக வாடகை வண்டியில் ஏறியவர், டப்பாவைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்ட அதே நொடியில் குதிரை வெடுக்கென்று கிளம்பிவிட்டது. சாதாரண மனிதர்கள் என்றால் வண்டிக்காரனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு பந்திக்குப் போயிருப்பார்கள். ராவ் பகதூர் திட்டவில்லை. அவர் ஏற்கெனவே பதினொரு கமிட்டிகளில் அங்கத்தினர். பன்னிரண்டாவதாக ஒன்றை ஏற்படுத்தித் தாமே அதற்குச் சேர்மன் ஆனார்.

இது 1931-ஆம் வருஷத்துச் சமாசாரம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். பட்டம் வந்த பிறகு அதை வீட்டில்கூட யாரும் உபயோகிக்கவில்லை என்று கேள்வி. நானும் உபயோகிக்கப் போவதில்லை.

புதிய ஸ்தாபனத்துக்குத் தென் சென்னை வாடகை வண்டி வேக நிர்ணய போர்டு என்று பெயர். ஜனங்கள் வாய் வலிக்கும் என்று வேக போர்டு என்றார்கள். காரியதரிசி ராஜகோபாலன், ஏதோ ஒரு காலேஜில் இருபத்தெட்டு வருஷம் பௌதிகம் கற்பித்து ரிடையரானவர். "ஒரு வண்டி நின்ற நிலையிலிருந்து சீரான வேகவளர்ச்சியுடன் புறப்படுகிறது, பத்து நொடியில் அது கடக்கும் தூரம் என்ன?" என்ற கணக்கை அவர் வருஷத்துக்கு நாற்பது தடவை போட்டிருக்கிறார். அப்படிப் புறப்பட்ட வண்டியை வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. வண்டி ஏன் வெடுக்கென்று கிளம்புகிறது என்று ராவ் பகதூர் கேட்டபோது, பார்த்துவிடலாம் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது.

சீரான வேகவளர்ச்சி என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நொடியும் வண்டியின் வேகம் ஒரே அளவாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு நொடி அதிகமாகவும் மறு நொடி குறைவாகவும் கூடலாகாது. அந்த அளவு எவ்வளவு என்று போர்டு மூன்று கூட்டங்களில் விவாதித்து, நொடிக்கு நொடி இரண்டடி என்று முடிவு செய்தது. குதிரையின் சக்தியையோ ரஸ்தாவின் நிலைமையையோ பார்த்து எடுத்த முடிவல்ல அது. தூரத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் ஓர் அரை வருகிறது. இரண்டில் பாதி ஒன்று. அப்புறம் நொடியை நொடியாலேயே பெருக்கினால் தூரம் வந்துவிடும். முதல் நொடி முடிவில் ஓரடி, இரண்டாவது முடிவில் நாலடி, மூன்றாவது முடிவில் ஒன்பதடி, இப்படியே போய்ப் பத்தாவது முடிவில் நூறடி. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த ப்யூன்களை வைத்தே பரிசோதனையை நடத்திவிடலாம் என்று ராஜகோபாலன் சொன்னது ராவ் பகதூருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

லஸ் முனையில் வண்டி நிறுத்தும் ஹனீஃபா இதில் வந்து மாட்டிக்கொண்டார். மீர்சாகிப்பேட்டைக்காரர், நாற்பத்தைந்து வயது. நாலு சக்கரப் பெட்டி வண்டி ஒன்றும், பிஜ்லி என்று ஒரு பெண் குதிரையும் அவருடைய சொத்து. பிஜ்லி என்றால் உருதுவில் மின்னல். குட்டியாக இருந்தபோது நம்பிக்கையோடு வைத்த பெயர் அது. வண்டியின் பின்பக்கத்தில் நம்பர் பிளேட் இருந்தால்தான் லஸ்ஸில் நிற்கலாம், சவாரி ஏற்றலாம். இந்த வருஷம் முதல் வேக போர்டின் சர்டிபிகேட் இல்லாமல் பிளேட் கிடையாது என்று தண்டோரா போட்டார்கள். மூன்று சந்தர்ப்பம் தரப்படும். மூன்றிலும் தவறினால் பிளேட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், மறுபடி எந்த நாளிலும் தரமாட்டார்கள். ஹனீஃபாவின் மனைவி சகினா, மூன்று பெண்கள், பிஜ்லி, எல்லாருடைய சாப்பாடும் அந்தப் பிளேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

விண்ணப்பப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. ஹனீஃபாவுக்கு உருது எழுத்து மட்டும் தெரியும். போர்டின் குமாஸ்தா ராமானுஜம் இரக்கமுள்ள மனுஷன். தாமே எழுதிக் கொடுத்தார். வண்டியின் ஆரம்ப வேகம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும், வேறு எதையாவது எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி என்றார். அப்படியானால் அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று ஹனீஃபா கேட்டதற்கு, தாம் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று பதில் சொன்னார் ராமானுஜம்.

பரிசோதனைக்கு முன்னால் வண்டிக்காரர்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு. மாட வீதியில் இருந்த போர்டு ஆபீஸ் மாடியில், இருபத்திரண்டு கோச்மேன்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ராஜகோபாலன் ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுதான் உங்க வண்டி. சாலை வழவழன்னு இருக்கு. உராய்வு கிடையாது. காத்தும் கிடையாது. புரியறதோ?"

இருபத்தோரு பேருக்குப் புரிந்துவிட்டது, அல்லது வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. ஹனீஃபா மட்டும் எழுந்து நின்றார்.

"காத்து இல்லாங்காட்டி குதிரை எப்டி சார் மூச்சு வுடும்?"

"குதிரையைப் பத்தி இங்கே யாருப்பா பேசினா? வண்டிக்கு வேகவளர்ச்சி ரெண்டுன்னு கொடுத்திருக்கு."

"யாரு சார் குடுத்தாங்கோ?"

ராஜகோபாலன் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "கணக்குல கொடுத்திருக்கு. கொடுத்ததை வாங்கிண்டு மேலே போகணும். யார் கொடுத்தா, எங்கேர்ந்து வந்துதுன்னு இருபத்தெட்டு வருஷத்துல ஒரு பையன் என்னைக் கேட்டதில்லை. நானும் என் வாத்தியாரைக் கேட்டதில்லை" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

முதல் பரிசோதனை தியாகராய நகரில் புதிதாகப் போட்ட ஒரு ரஸ்தாவில் நடந்தது. ஒன்று, நாலு, ஒன்பது, பதினாறு என்று நூறு வரைக்கும் பத்து இடத்தில் சுண்ணாம்பால் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு ஒரு ப்யூனாகப் பத்துப் பேர் பச்சைக் கொடியோடு நின்றார்கள். ராஜகோபாலன் பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்து நொடி சொல்ல, ராமானுஜம் நொடிக்கு ஒருதரம் சேகண்டியைத் தட்டுவார். தட்டுகிற அதே சமயம் வண்டி கோட்டைத் தொட்டால் அந்த ப்யூன் கொடியை உயர்த்த வேண்டும். பத்துக் கொடியும் உயர்ந்தால் பாஸ்.

இதில் ஏழாவது கோடு, அதாவது நாற்பத்தொன்பதாவது அடி, ஒரு குழிக்குள் விழுந்தது. மழைத் தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. ஏழாவது ப்யூன் குப்பன் அந்தத் தண்ணீருக்குள் கொடியோடு நின்றான். கொஞ்சம் தள்ளி நிற்கட்டுமா என்று அவன் கேட்டதற்கு, நாற்பத்தொன்பது என்பது ஏழேழு என்றும் அதைத் தள்ள யாருக்கும் அதிகாரமில்லை என்றும் ராஜகோபாலன் பதில் கொடுத்தார். சாலை வழவழப்பானது என்பது போர்டின் முதல் விதி. ஆகவே குழி இல்லை.

பிஜ்லிக்கு விதி தெரியாது. குழியின் விளிம்பு வரை வந்தது, தண்ணீரைப் பார்த்தது, குப்பனையும் பார்த்தது, நின்றுவிட்டது. "இல்லாத குழியைக் கண்டு குதிரை நின்றமையால் வண்டி தவறியது" என்று ராஜகோபாலன் சொல்லச் சொல்ல ராமானுஜம் எழுதினார்.

அந்தத் தெருக்காரர்கள் ஒரு வருஷமாகக் குழியை மூடச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாலை வழவழப்பானது என்று போர்டு ரிக்கார்டில் ஏறிவிட்டதால், மனுக்கள் எல்லாம் ஒரே நாளில் தள்ளுபடி ஆயின. ஜெயலக்ஷ்மி என்ற அம்மாள் அந்தக் குழியில் விழுந்து ஒடிந்த கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நியாயம் கேட்டார். உராய்வே இல்லாத ஒரு சாலையில் காலை வைத்தது அவருடைய தவறு என்று எழுத்து மூலம் தெரிவித்தார்கள். எனக்கு அந்த அம்மாளைத் தெரியும். கை இன்றைக்கும் முழுக்க நிமிராது.

ஹனீஃபா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சகினா அடுப்படியிலிருந்து முழுவதையும் கேட்டாள்.

"இன்னாங்க, பரீச்சை உங்களுக்கா, குதிரைக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லியாம். வண்டிக்காம்."

அப்படியானால் வண்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைக்கச் சொல்லுங்கள் என்று முணுமுணுத்தாலும், அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாளே பயிற்சி ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் சந்தில் கோலமாவு வைத்துக் கோடு போட்டாள். பித்தளைத் தட்டைக் கரண்டியால் தட்டினாள். பெரிய பெண் நஸ்ருன்னிசா ஒரு முறம் கொள்ளோடு கூடவே ஓடினாள். சேகண்டிச் சத்தத்துக்குக் குதிரை மிரளக் கூடாது, அதை நேசிக்க வேண்டும் என்பது சகினாவின் யோசனை. அதனால் தட்டுக்கு ஒரு பிடி கொள்ளு. யோசனை நல்ல யோசனைதான். பத்து நாளில் பிஜ்லி சேகண்டிச் சத்தத்தை உயிராக நேசிக்க ஆரம்பித்துவிட்டது. தட்டினால் போதும், நின்று, கழுத்தைத் திருப்பி, வாயைத் திறந்தது.

இரண்டாவது பரிசோதனையில் ராமானுஜம் பத்துத் தடவை தட்டினார். பிஜ்லி பத்துத் தடவை திரும்பிப் பார்த்தது. வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ராமானுஜத்துக்கு மனசு கேட்கவில்லை. நொடிக்கு நொடி வேகம் பூஜ்யமாகவே இருந்ததால் இதுவும் ஒரு சீரான நிலைதானே என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். ராஜகோபாலன் அதை லேசாகத் தள்ளிவிடவில்லை. ஒரு முழு நாள் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, சாஸ்திரப்படி அதற்கு ஆட்சேபணை இல்லை என்று குறிப்பு எழுதினார். ராவ் பகதூர்தான் மறுத்தார். நகராத வண்டிகளுக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுத்தால் வீட்டுக் கட்டிலுக்கும் கொடுக்க வேண்டி வரும் என்றார்.

தவறியதோடு போயிருந்தால் பரவாயில்லை. மணிச் சத்தம் என்றால் நிற்பது என்று கற்றுக்கொண்ட குதிரையை வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் எப்படிப் பிழைப்பது? காலையில் கோயில் மணி, ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மணி, தெருவெல்லாம் சைக்கிள் மணி, ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் மாதா கோயில் மணி. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி போவதற்குள் பதினாலு தடவை நின்று கொள்ளு கேட்டது பிஜ்லி. ஒரு வக்கீல் சாயரட்சை பூஜை முடியும் வரை மாட வீதியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து ஹனீஃபாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்கப்புறம் அவர் இந்த வண்டியில் ஏறவே இல்லை. வழக்கமான சவாரிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இதற்குள் மற்ற வண்டிக்காரர்கள் இருபத்தோரு பேருக்கும் மூன்று சந்தர்ப்பமும் முடிந்துபோயிருந்தது. ஒருவர்கூடத் தேறவில்லை. இருபத்தோரு பிளேட்டும் போர்டு ஆபீஸ் மூலையில் ஒரு கோணிப்பையில் கிடந்தன. திருவல்லிக்கேணியில் குதிரை வியாபாரம் பண்ணும் அக்பர் பாஷா விஷயம் கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பிஜ்லியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சகினா கரண்டியோடு வெளியே வந்ததைக் கண்டதும் குதிரையின் வாயை மூடிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு ஹனீஃபா சாப்பிடவில்லை. லாயத்துக்குள் போய்க் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பதினோரு வருஷம் தன்னோடு வெயிலிலும் மழையிலும் நின்ற ஜீவன் ஓர் அரை வருகிற சூத்திரத்துக்காகக் கைமாறிப் போகப் போகிறதே என்று அதனிடமே சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மூன்றாவது பரிசோதனைக்கு அடையாற்றுப் பாலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் கோடுகள் போட்டார்கள். சமதரையில் சோம்பேறித்தனம் பண்ணுகிற குதிரைக்குச் சரிவு உற்சாகம் தரும் என்று ராஜகோபாலன் எண்ணினார். கடைசி வண்டியின் கடைசிப் பரிசோதனை என்பதால் ராவ் பகதூரே பயணியாக உள்ளே உட்கார்ந்து பார்ப்பதென்று ஏற்பாடு. கணக்கில் பயணியும் வண்டியும் சேர்ந்து ஒரே புள்ளியாகக் கொள்ளப்படுவார்கள் என்று ராஜகோபாலன் விளக்கினார். ராவ் பகதூர் வண்டிக்குள் நுழைய இரண்டு ப்யூன்கள் பின்னாலிருந்து கைகொடுத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்திருக்க வேண்டியது. ராஜகோபாலனின் கடிகாரத்துக்கும் ராவ் பகதூரின் கடிகாரத்துக்கும் நிமிஷத்துக்கு ஒரு நொடி வித்தியாசம் இருப்பது தெரியவந்தது. எந்த நொடி போர்டின் நொடி என்று தீர்மானிக்காமல் தட்ட முடியாது. இருவரும் வண்டி ஜன்னல் வழியாகவே விவாதித்தார்கள். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. பத்து மணிக்கு ராவ் பகதூர் விவாதத்தின் நடுவிலேயே தூங்கிப்போனதால் ராஜகோபாலனின் கடிகாரம் ஜெயித்தது.

அதுவரை பிஜ்லியை வெயிலில் நிறுத்திவைக்க ஹனீஃபாவுக்கு மனம் வரவில்லை. சரிவின் உச்சியில் முதல் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை முட்டுக்கொடுத்து, குதிரையை அவிழ்த்தார். வண்டியின் ஏர்க்கால்களைத் தூக்கிக் கயிற்றால் மேலே கட்டினார். கட்டிவிட்டுக் குதிரையை மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் காட்டினார்.

ராஜகோபாலன் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி, வழக்கப்படி விதிகளை உரக்க வாசித்தார். வண்டியின் பக்கம் அவர் திரும்பவில்லை. அவருடைய கண் முள்ளின் மேல் இருந்தது. சாலையில் கல், கட்டை முதலான எவ்விதத் தடையும் இருக்கலாகாது என்ற இடம் வந்தபோது, தடைகளை அகற்றும் பொறுப்பிலிருந்த குப்பன் சாலையைப் பார்த்தான். அப்பழுக்கில்லாத அந்த நூறடியில் ஒரே ஒரு கல் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு தன் கோட்டுக்கு ஓடினான்.

"ஆரம்பம்" என்றார் ராஜகோபாலன்.

சேகண்டி அடித்தது. வண்டி மெதுவாக ஓரடி நகர்ந்தது. முதல் கொடி உயர்ந்தது. மறு தட்டில் நாலடி, அடுத்த தட்டில் ஒன்பதடி. ஹனீஃபா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டிக்குள் ராவ் பகதூர் இருக்கிறார், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிளேட்டோடு விடமாட்டார்கள், கழுத்துக்கே வந்துவிடும் என்பதைத் தவிர அவர் மனசில் வேறொன்றும் இல்லை. பிடிக்க முடியவில்லை. பதினாறு, இருபத்தைந்து, முப்பத்தாறு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொடி எழும்பிக்கொண்டே போயிற்று. மரத்தடியில் பிஜ்லி தட்டுக்கு ஒருதரம் வாயைத் திறந்து மூடியது. நூறாவது அடியில் பத்தாவது கொடி எழுந்தது. வண்டி சரிவைத் தாண்டி ஆற்றோர மணலுக்குள் புகுந்து, அச்சு வரை புதைந்து, நின்றது.

ராவ் பகதூர் கண் விழித்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டார்.

ராஜகோபாலனின் கண்ணில் ஜலம் நின்றது. பத்துக் கொடியும் உயர்ந்தது போர்டின் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. அவர் அங்கேயே, மணலில் நின்றபடி, ஒரு சின்ன உபந்நியாசம் செய்தார். "இருபத்தெட்டு வருஷம் போட்ட கணக்கு இன்னிக்குத்தான் நிஜமாச்சு. இத்தனை நாளா எது குறுக்கே நின்னுதுன்னும் தெரிஞ்சுபோச்சு. குதிரைதான். குதிரை இருக்கற வரைக்கும் எந்த வண்டியும் ஒழுங்காப் போகாது. அதை ரூபிச்சுக் காட்டின பெருமை நம்ம போர்டைச் சேர்ந்தது."

சர்டிபிகேட்டை ராமானுஜம் வண்டிப் படியில் வைத்தே எழுதினார். ராவ் பகதூர் கையெழுத்துப் போட்டார். ராமானுஜம் அதை ஹனீஃபாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். மேற்படி வண்டி, குதிரை நீங்கலாக, தேறியது. மேற்படி வண்டியை, குதிரை நீங்கலாக, தென் சென்னையின் சகல சாலைகளிலும் ஓட்டலாம். குதிரை பூட்டினால் பிளேட் அந்தக் கணமே ரத்து.

ஹனீஃபா காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குதிரை இல்லாமல் வண்டியை யார் இழுப்பது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. தேறியும் பிழைப்புப் போயிற்றே என்று காகிதத்தை மடிக்காமலே நின்றார்.

வண்டியை ப்யூன்கள் மணலிலிருந்து கெல்லித் தள்ளி ரஸ்தாவில் சேர்த்தார்கள். ராவ் பகதூர் உள்ளே சாய்ந்துகொண்டு, மயிலாப்பூருக்கு விடச் சொன்னார். காலையில் ஒரு வாய்க் காப்பியோடு கிளம்பியவர்.

ஹனீஃபா அசையவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"எஜமான், குதிரைய பூட்டுனா பிளேட்டு பூடும்னு எழுதிக் கீது. நீங்கதான் கையெழுத்து போட்டுக்கீறீங்கோ."

ராவ் பகதூர் ராஜகோபாலனைப் பார்த்தார். ராஜகோபாலன் ராமானுஜத்தைப் பார்த்தார். இன்றைக்கு ஒருநாள் பூட்டட்டும் என்று ராவ் பகதூர் சொல்லிப் பார்த்தார். கையெழுத்தான சர்டிபிகேட்டில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் போர்டு கூடி மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுத வேண்டும் என்று ராமானுஜம் மிகவும் பணிவாக ஞாபகப்படுத்தினார். மினிட்ஸ் புத்தகம் மாட வீதி ஆபீஸ் பீரோவில் இருந்தது. அதை ஆபீஸுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று விதி எழுதியவர் ராவ் பகதூர். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால், எல்லா வண்டியின் பிளேட்டும் கோணிப்பையில் கிடந்தது. பஸ் ஒன்று அந்த வழியாகப் போகும். ஆனால் பட்டம் வாங்கியதிலிருந்து ராவ் பகதூர் பஸ்ஸில் ஏறுவதில்லை. அவருக்கு முழங்கால் வாயு வேறு. நடக்கிற பேச்சே இல்லை.

சரிவு இருக்கிற வரைக்கும் சாஸ்திரம் வண்டியை ஓட்டியது. சரிவு முடிந்துவிட்டது, இனி பாலத்துக்கு மேலே ஏற வேண்டும். பத்து ப்யூன்களும் கொடியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கைவைத்தார்கள். பத்துப் பேர் போதவில்லை. ராஜகோபாலன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதினொன்றாவது ஆளாகச் சேர்ந்தார். ராமானுஜம் முன்னால் ஏர்க்காலைப் பிடித்து வழிகாட்டினார். ஹனீஃபா, குதிரை வண்டிக்கு அருகில் வருவதே தப்பாகிவிடுமோ என்று பயந்து, பத்து முழம் தள்ளி பிஜ்லியை நடத்திக்கொண்டு வந்தார்.

மந்தைவெளியில் கூட்டம் கூடிவிட்டது. அடையாற்றுக் குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த முத்தம்மா, காலிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டே வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா பாய், குதிர சொம்மா வருது, ஆபீசருங்கோ வண்டி தள்ளிக்கினு போறாங்கோ?"

"கணக்கு அப்டி வந்துகீதுக்கா" என்றார் ஹனீஃபா. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

ஒரு கோயில் மணி அடித்தது. பிஜ்லி நின்று ஒரு பிடி கொள்ளு கேட்டது. ஹனீஃபா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பின்னால் ராஜகோபாலனும் அந்தச் சாக்கில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டு மைலுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தூரத்தில் எத்தனை குழி இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்பது போர்டுக்கு முதல் தடவையாகத் தெரியவந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் அது ஏறவில்லை.

ஆபீஸில் போர்டு கூடியது. முதல் தீர்மானம், சர்டிபிகேட்டில் குதிரை நீங்கலாக என்பதை அடித்துவிட்டுக் குதிரையுடன் என்று எழுதுவது. ராஜகோபாலன் ஆட்சேபித்து நாலு பக்கம் எழுதுவதாகச் சொன்னார். எழுதக் கை வரவில்லை, உள்ளங்கையில் கொப்புளம். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

ஹனீஃபா தெருவில் குதிரையைப் பூட்டினார். ராவ் பகதூர் கைத்தாங்கலாக ஏறி உட்கார்ந்து, வீட்டுக்கு விடு என்றார். ஹனீஃபா கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே இருந்தார். பிஜ்லி காலை மாற்றி மாற்றி வைத்தது.

"இன்னும் என்னப்பா?"

"பூட்டலாம்னு எழுதிட்டீங்கோ எஜமான். எப்டி போணும்னு எழுதல. மொத நொடிக்கு ஓரடிதான் போணும்னு விதி கீது. இதுக்கு அது வராது. நான் இப்ப ஓட்டினா, நாளிக்கி உங்க ஆளுங்களே வந்து பிளேட்ட கழட்டிக்கினு பூடுவாங்கோ. எனுக்கு மூணு பொண்ணு கீதுங்க."

மணி ஒன்றரை. மாடி ஜன்னலிலிருந்து ராமானுஜம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் இருபது முப்பது பேர் நின்றார்கள். ராவ் பகதூரின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

"எப்படியாவது போய்த் தொலை" என்றார்.

"அத்தையும் எழுதிக் குடுத்துடுங்கோ எஜமான்."

போர்டுக் கூட்டம் இன்னும் கலையவில்லை என்று ராமானுஜம் மேலிருந்து தகவல் சொன்னார். சேர்மன் இருக்கும் இடம் கூட்டமா, மினிட்ஸ் புத்தகம் இருக்கும் இடம் கூட்டமா என்ற சந்தேகம் எழுந்தது. சேர்மன் வண்டிக்குள்ளிருந்தே உரக்கப் பிரேரேபிக்க, அதை மாடியில் எழுதிக்கொண்டார்கள். ராஜகோபாலன் பெஞ்சிலிருந்து ஒன்றும் சொல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது தீர்மானம்: மேற்படி வண்டி எப்படியாவது போகலாம்.

ராமானுஜம் அதைச் சர்டிபிகேட்டின் அடியில் எழுதிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். ராவ் பகதூர் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காய்கிற வரைக்கும் ஹனீஃபா காத்திருந்தார். ராமானுஜம் அந்த ஒரு வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகுதான் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடிவாளத்தைத் தளர்த்தினார்.